கடிதத்தின் வயது: 200 ஆண்டுகளுக்கு முன் ஒரு நோயாளிக்கு வீட்டிலிருந்து எழுதிய விதம்

"நலம், நலமறிய ஆவல்." இந்த வரியை எழுதிப் பழகிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அந்த வரியில் ஒரு சிக்கல் ஒளிந்திருப்பதும் அவர்களுக்குத் தெரியும். எழுதிய நேரத்தில் நலமாக இருந்தவர், கடிதம் கைக்கு வரும் நேரத்திலும் அப்படியே இருப்பார் என்று யாரால் சொல்ல முடியும்? தபால்காரர் கொண்டுவருவது எப்போதும் பழைய நலம். ஊருக்குள் என்றால் ஒரு நாள் பழையது, ஊர்விட்டு ஊர் என்றால் மூன்று நாள், கடல் தாண்டி என்றால் வாரக்கணக்கில் பழையது.

இதைக் 'கடிதத்தின் வயது' என்று வைத்துக்கொள்வோம். எழுதிய நாளுக்கும் வாசித்த நாளுக்கும் இடையில் கழிந்த காலம்தான் அது. பழைய குடும்பக் கடிதங்களை முதன்முதலாக வாசிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் நடையை ரசிப்பார்கள், அன்பைக் கண்டு உருகுவார்கள், கையெழுத்தோடு மல்லுக்கட்டுவார்கள். வயதைக் கணக்கிட மறந்துவிடுவார்கள். கடிதம் பெறுபவர் நோயாளியாகவும், அதோடு ஓர் அரசியல்வாதியாகவும் இருந்துவிட்டால், இந்தக் கணக்கு இல்லாமல் எதுவும் விளங்காது. எடுத்துக்காட்டாக ஒரே ஒரு மனிதரை எடுத்துக்கொள்கிறேன்.

பிரான்சிஸ் ஹார்னர். 1778-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஒரு வணிகர் வீட்டில் பிறந்தவர். 1802-இல் நண்பர்களோடு சேர்ந்து 'எடின்பரோ ரெவ்யூ' இதழைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1806-இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். விக் கட்சி, அதாவது அந்தக் காலத்தில் பெரும்பாலும் எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்திருந்த கட்சி. 1810-இல் காகிதப் பணத்தின் மதிப்பு ஏன் சரிகிறது என்று ஆராய்ந்த புகழ்பெற்ற நாடாளுமன்றக் குழுவுக்கு அவர்தான் தலைவர். பாங்க் ஆஃப் இங்கிலாந்து அளவுக்கு மீறி நோட்டு அடித்து வெளியிட்டதே காரணம் என்று குழு சொன்னது. 1811-இல் நாடாளுமன்றம் அந்த அறிக்கையை ஏற்க மறுத்தது. எட்டு ஆண்டு கழித்து, 1819-இல், ஏறக்குறைய அதே வழிக்கு வந்து சேர்ந்தது. அதைப் பார்க்க ஹார்னர் உயிரோடு இல்லை.

நம் பக்கத்தோடும் அவருக்கு ஒரு தொடர்பு உண்டு. ஆற்காட்டு நவாப் கண்டவரிடமெல்லாம் வாங்கிக் குவித்த கடன்களை, உண்மைக் கடன் எது, போலிப் பத்திரம் எது என்று பிரித்துத் தீர்ப்பதற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி லண்டனில் ஓர் ஆணையம் அமைத்தது. 1806 முதல் 1809 வரை ஹார்னர் அதில் ஓர் உறுப்பினர். மொத்தம் மூன்று கோடி பவுண்டுக்கு மேல் கடன் என்று உரிமை கோரப்பட்டதில், பல ஆண்டு விசாரணைக்குப் பிறகு தேறிய தொகை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஹார்னர் பாதியிலேயே விலகிவிட்டார். வேலைப் பளு தாங்கவில்லை. அக்காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. 1911-இல்தான் அது வந்தது. எனவே பரம்பரைச் சொத்து இல்லாத ஒருவர் இப்படிப்பட்ட வேலைகளையும் வழக்கறிஞர் தொழிலையும் பார்த்துக்கொண்டே அரசியல் செய்ய வேண்டியிருந்தது.

சம்பளம் இல்லாவிட்டாலும் அவருக்கு ஒரு சலுகை இருந்தது. அது தபால். அதைப் புரிந்துகொள்ள, அன்றைய தபால் எப்படி இயங்கியது என்று பார்க்க வேண்டும்.

யார் காசு கொடுத்தார்கள்?

1840-க்கு முன் பிரிட்டனில் தபால்தலை கிடையாது. கடிதத்துக்குக் கட்டணம் செலுத்துபவர் பெரும்பாலும் அதைப் பெறுபவர்தான். நம் ஊரில் தபால்தலை ஒட்டாமல் வந்த 'பேரிங்' கடிதத்துக்கு வாசலில் நின்று காசு எண்ணிக் கொடுத்த நினைவு சிலருக்கு இருக்கலாம். அங்கே அதுதான் வழக்கமான முறை. கட்டணம் இரண்டைப் பொறுத்தது: எத்தனை மைல், எத்தனை தாள். 1812-இல் வகுத்த பட்டியலின்படி 15 மைல் வரை 4 பென்ஸ், 300 மைல் என்றால் 12 பென்ஸ், அதாவது ஒரு ஷில்லிங். அதற்கு மேல் ஒவ்வொரு நூறு மைலுக்கும் ஒரு பென்னி கூடுதல். எடின்பரோவிலிருந்து லண்டனுக்கு ஏறத்தாழ 400 மைல். ஆக, ஒரு தாளுக்கே ஒரு ஷில்லிங்குக்கு மேல். அது கூலிக்காரர் ஒருவரின் நாள் வருமானத்தில் பாதிக்கு மேலே விழுங்கிவிடும் தொகை. இரண்டு தாள் என்றால் இரட்டிப்பு.

இந்த ஒரு விதியிலிருந்து பல பழக்கங்கள் முளைத்தன. உறை கிடையாது, ஏனென்றால் உறையும் ஒரு தாள்தான், அதற்கும் தனிக் காசு. ஒரே தாளை எழுதி, மடித்து, வெளிப்புறத்தில் முகவரி எழுதி, அரக்கு வைத்து முத்திரையிட்டு அனுப்புவார்கள். நம் நீல நிற இன்லண்ட் கடிதத்தின் மூதாதை என்று சொல்லலாம்.  தாள் நிரம்பிவிட்டதா? அதைப் பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக மறுபடி எழுதுவார்கள். பார்வைக்கு அது பாய் முடைந்ததுபோல் இருக்கும். கண்ணைச் சற்றுச் சாய்த்து ஒரு திசை வரிகளை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் வாசித்துவிடலாம் என்பார்கள். காய்ச்சலில் படுத்திருப்பவருக்கு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், அது எவ்வளவு எளிதாக இருந்திருக்கும் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இங்கே நாம் பார்க்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பெறுபவர் காசு கொடுக்கிறார் என்றால், எழுதுபவருக்கு ஒரு கடன் உணர்வு வந்துவிடுகிறது. வெறுமனே 'நலமா?' என்று கேட்டு எழுதினால் அது அவருடைய பணத்தைச் செலவு செய்வது ஆகிவிடும். எனவே தாளின் மூலைமுடுக்கெல்லாம் செய்தியால் நிரப்ப வேண்டும்: யாருக்குக் கல்யாணம், யார் விழுந்து காலை முறித்துக்கொண்டார், தோட்டம் எப்படி இருக்கிறது, யார் என்ன புத்தகம் வாசிக்கிறார். அக்காலக் குடும்பக் கடிதங்கள் வம்பளப்பால் நிரம்பி வழிவதைப் பார்த்து, இவர்களுக்கு வேறு வேலையே இல்லையா என்று நினைத்துவிடக் கூடாது. அது கொடுத்த காசுக்குச் சரக்கு.

உறுப்பினரின் கையெழுத்து

ஹார்னருக்கு இருந்த சலுகைக்கு 'ஃப்ராங்க்' என்று பெயர். நாடாளுமன்ற உறுப்பினர் கடிதத்தின் வெளிப்புறத்தில் தன் கையெழுத்தைப் போட்டால் அது கட்டணம் இல்லாமல் போகும். அவர் பெயருக்கு வரும் கடிதங்களுக்கும் கட்டணம் இல்லை. எதிர்பார்த்தபடியே இதை எல்லோரும் தாறுமாறாகப் பயன்படுத்தினார்கள். நண்பர்கள், நண்பர்களின் மைத்துனர்கள், விருந்துக்கு வந்தவர்கள் என்று ஆளாளுக்கு ஒரு கையெழுத்துக் கேட்டார்கள். வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டுக் கட்டுக்கட்டாகக் கொடுத்த உறுப்பினர்களும் இருந்தார்கள்.

அரசு சும்மா இருக்குமா? விதிகள் வந்தன. 1784 முதல், முழு முகவரியும் தேதியும் உறுப்பினரின் சொந்தக் கையால் எழுதப்பட வேண்டும். 1795 முதல், ஒரு நாளைக்கு 10 கடிதம் அனுப்பலாம், 15 பெறலாம், எடை ஓர் அவுன்ஸுக்கு மேல் போகக் கூடாது. கடிதம் போடப்படும் ஊரிலிருந்து 20 மைலுக்குள் உறுப்பினர் இருந்திருக்க வேண்டும். கையெழுத்தைப் போலியாகப் போட்டால் ஏழு ஆண்டு நாடு கடத்தல். ஒரு ஷில்லிங் மிச்சம் பிடிக்கப் போய் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறும் ஆபத்து!

புதிதாக வாசிப்பவருக்கு இதில் ஒரு நடைமுறைக் குறிப்பு கிடைக்கிறது. வெளியே முகவரி எழுதிய கையும் உள்ளே எழுதிய கையும் வேறாக இருந்தால், யாரோ ஓர் உறுப்பினர் இடையில் உதவியிருக்கிறார் என்று பொருள். உள்ளே எழுதியது தங்கையாக இருக்கலாம். வெளியே தேதியோடு கம்பீரமாக முகவரி எழுதியவர் நாடாளுமன்ற உறுப்பினர். அந்த வெளித்தேதி கடிதம் புறப்பட்ட நாளைத்தான் சொல்லும். தங்கை அதைத் தொடங்கியது மூன்று நாள் முன்பாக இருக்கலாம்.

ஆக, குடும்பத்தில் ஒருவர் உறுப்பினராகிவிட்டால் அவரே ஒரு தபால் நிலையம் ஆகிவிடுவார். அவர் பெயருக்குக் கடிதத்தை அனுப்பினால் கட்டணமில்லை. எடைக்குள் இருந்தால் உள்ளே இன்னொருவருக்கான தாளையும் செருகிவிடலாம். அவர் அதைப் பிரித்து ஊருக்குள் விநியோகிப்பார். இப்படிப்பட்டவர் நோயில் விழுந்தால் வீட்டுக்கு வருவது கவலை மட்டுமில்லை. அதுவரை தடையின்றி ஓடிய கடிதப் போக்குவரத்தே தடுமாறிப் போகும்.

அந்தச் சலுகைக்கு ஓர் எல்லையும் இருந்தது. எந்த ஊரில் தபாலில் சேர்க்கிறோமோ அந்த ஊருக்கு அருகில் உறுப்பினர் இருக்க வேண்டும், அந்த ஊரும் நாட்டுக்குள் இருக்க வேண்டும். இத்தாலியில் உட்கார்ந்துகொண்டு கையெழுத்திட்டால் அது வெறும் கையெழுத்து.

இத்தாலிக்கு ஏன் போனார்?

1816-ஐ ஐரோப்பாவில் 'கோடையே வராத ஆண்டு' என்று சொல்வார்கள். முந்தைய ஆண்டு இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவு. மழையும் குளிருமாக அந்தக் கோடை கழிந்தது. அதே ஆண்டில்தான் ஹார்னரின் இருமலும் மூச்சுத் திணறலும் மோசமாயின. விடுமுறையில் எடின்பரோ பக்கம் குடும்பத்தோடு தங்கிப் பார்த்தார். தேறவில்லை. மருத்துவர்கள் தெற்கே வெப்பமான நாட்டில் குளிர்காலத்தைக் கழிக்கச் சொன்னார்கள்.

மார்பு நோய்க்கு அன்றைய பணக்கார வைத்தியம் இதுதான்: இடமாற்றம். இந்த யோசனைகூட அப்போதுதான் மறுபடி சாத்தியமாகியிருந்தது. நெப்போலியன் போர்கள் 1815-இல் முடியும்வரை, ஓர் ஆங்கிலேயர் நினைத்தவுடன் இத்தாலிக்குக் கிளம்பிவிட முடியாது. போர் ஓய்ந்ததும் இருமல்காரர்கள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே போனார்கள். மருத்துவர்கள் அனுப்பினார்களே தவிர, நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டுப் பார்க்க அவர்களிடம் கருவி இல்லை. அதே 1816-இல்தான் பாரிசில் லெனெக் என்ற மருத்துவர் ஒரு தாளைக் குழல்போலச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் அப்படித்தான் பிறந்தது. அவர் அதைப் பற்றி நூலாக வெளியிட்டது 1819-இல். ஹார்னருக்கு அது உதவும் காலம் இல்லை.

1816 அக்டோபரில் ஹார்னர் புறப்பட்டார். மணமாகாதவர், எனவே உடன் செல்ல மனைவி இல்லை. தம்பி லியோனார்ட் கூடப் போனார். குளிர்காலத் தொடக்கத்தில் இருவரும் பீசா நகரை அடைந்தார்கள். சாய்ந்த கோபுரம் இருக்கும் அதே பீசாதான்.

உடன் செல்லும் ஆள் என்பது இந்தக் கதையில் சாதாரண விஷயம் இல்லை. வெளிநாட்டில் ஒரு நோயாளி தனியாக இருந்தால் வீட்டுக்கு ஒரே ஒரு குரல்தான் வரும், அவருடைய குரல். தன் நோயைப் பற்றி அவர் எதைச் சொல்கிறாரோ அதுதான் வீட்டுக்குத் தெரியும். கூட ஒருவர் இருந்தால் செய்தி இரண்டு வழியில் வரும். நோயாளி எழுதுவது ஒன்று, பக்கத்தில் இருந்து பார்ப்பவர் எழுதுவது இன்னொன்று. வீட்டிலிருந்து போவதும் இரண்டு வகை ஆகிவிடும். இப்படிப்பட்ட கடிதத் தொகுதி எதை எடுத்தாலும் இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும். நோயாளி "இன்று நன்றாகத் தூங்கினேன்" என்று எழுதிய அதே நாளில், உடன் இருப்பவர் என்ன எழுதினார் என்று தேட வேண்டும். நம் வீடுகளில் அப்பா மருத்துவமனையில் இருக்கும்போது அவரோடு தொலைபேசியில் பேசிவிட்டு, பிறகு வராந்தாவில் நிற்கும் தம்பியைத் தனியாக அழைத்து விசாரிப்போமே, அதே வேலைதான்.

கடிதத்தைத் தனியாக வாசிக்கும் பழக்கமும் அப்போது குறைவு. குடும்பக் கடிதம் என்றால் சாப்பாட்டு மேசையில் உரக்க வாசிக்கப்படும். அடுத்த தெருவில் இருக்கும் அத்தைக்குக் கொடுத்தனுப்பப்படும். அரசியல்வாதி எழுதியது என்றால் கட்சி நண்பர்களும் கேட்பார்கள். பத்துப் பேர் காதில் விழும் என்று தெரிந்து எழுதும் மனிதர், தன் சளியில் ரத்தம் கலந்திருந்தால் அதை எவ்வளவு தூரம் சொல்வார்? அதிலும் அரசியல்வாதிக்கு உடம்பு என்பது தொழில் முதல். அவர் திரும்பி வருவாரா, வரமாட்டாரா என்பதைப் பொறுத்து ஒரு தொகுதி காலியாகிறது. ஹார்னர் 1813 முதல் செயின்ட் மாஸ் என்ற தொகுதியின் உறுப்பினர். ஒரு பெரிய பிரபுவின் சட்டைப்பைக்குள் இருந்த தொகுதி அது. நோய்ச் செய்தி கசிந்தால் அடுத்த ஆள் யார் என்ற பேச்சும் கூடவே கிளம்பும். எனவே இத்தகைய கடிதங்களில் உடல்நல வரிகள் எப்போதும் சற்று இஸ்திரி போடப்பட்டவையாகவே இருக்கும். பொய் என்று சொல்லிவிட மாட்டேன். மடிப்புக் கலையாமல் எழுதப்பட்டவை, அவ்வளவுதான்.

வீட்டிலிருந்து எழுதுபவர்களுக்கும் ஒரு தர்மசங்கடம் உண்டு. அரசியலைப் பற்றி எழுதலாமா, கூடாதா? எழுதினால் படுக்கையில் இருப்பவர் பரபரப்படைவார். எழுதாவிட்டால் தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைப்பார். ஹார்னர் படுத்திருந்த அந்தக் குளிர்காலத்தில் இங்கிலாந்து அமைதியாகவும் இல்லை. போருக்குப் பிந்தைய வேலையின்மை, விலைவாசி. டிசம்பர் 2-ஆம் தேதி லண்டனில் ஸ்பா ஃபீல்ட்ஸ் திடலில் கூடிய கூட்டம் கலவரத்தில் முடிந்தது. 1817 ஜனவரி 28 அன்று நாடாளுமன்றத்தைத் திறந்துவைத்துத் திரும்பிய இளவரசரின் வண்டிக் கண்ணாடி உடைக்கப்பட்டது. அடுத்து, பிப்ரவரி இறுதியில், விசாரணை இன்றி யாரையும் சிறையில் வைக்கும் அதிகாரம் கேட்டு அரசு வந்து நின்றது. உரிமைகளுக்காகப் பேசிய எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் வாழ்நாள் முழுவதும் காத்திருந்த விவாதம் போன்றது அது. அது தொடங்கியபோது அவர் உயிரோடு இல்லை.

வயதைக் கணக்கிடும் முறை

சிலருடைய விஷயத்தில் இந்தக் கணக்கு மிகச் சுலபம், காரணம் அவர்களே போட்டு வைத்துவிட்டார்கள். அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் 1783 முதல் 1826-இல் இறக்கும்வரை, எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் வந்த ஒவ்வொரு கடிதத்தையும் ஒரு பதிவேட்டில் குறித்து வைத்தார். வந்த கடிதத்துக்கு இரண்டு தேதி: எழுதப்பட்ட நாள், கைக்கு வந்த நாள். கழித்துப் பார்த்தால் வயது தெரிந்துவிடும். 1804 முதல், ஒரே நேரத்தில் இரண்டு பேனா அசையும் இயந்திரம் ஒன்றை வைத்து, தான் எழுதுவதற்கெல்லாம் பிரதியும் எடுத்துக்கொண்டார். 1807 மார்ச்சில் கடுமையான தலைவலி வந்து, பகல் முழுவதும் இருட்டறையில் முடங்கிக் கிடந்த நாள்களிலும் மகளுக்கும் பேரக் குழந்தைகளுக்கும் எழுதும் பழக்கம் விடவில்லை. யார் யாருக்கு எத்தனை கடிதம் கடன்பட்டிருக்கிறார்கள் என்று பேத்தியோடு கணக்குப் பேசும் தாத்தா அவர். கொஞ்சம் அலுப்பூட்டும் ஒழுங்குதான். ஆனால் ஆய்வாளர்களுக்கு அவர் ஒரு வரம்.

எல்லோரும் ஜெஃபர்சன் இல்லை. மற்றவர்களுக்கு நாம்தான் கணக்குப் போட வேண்டும். கடிதத்தின் மேல் எழுதிய தேதி, வெளியே குத்திய தபால் முத்திரை, பதில் கடிதத்தில் "உன் இத்தனாம் தேதிக் கடிதம் நேற்றுக் கிடைத்தது" என்று வரும் முதல் வரி, இவைதாம் துப்பு. அந்த முதல் வரியைப் பலர் சம்பிரதாயம் என்று தாண்டிவிடுகிறார்கள். அன்றைய மனிதர்கள் அதை எழுதியதே எந்தக் கடிதம் வந்தது, எது வழியில் தொலைந்தது என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிவிப்பதற்காகத்தான்.

இன்னொரு இக்கட்டு, கடிதங்கள் எங்கே தங்குகின்றன என்பது. கடிதம் எப்போதும் பெறுபவரின் பெட்டியில்தான் தங்கும். ஹார்னர் வீட்டுக்கு எழுதியவை எடின்பரோவில் பத்திரமாக இருக்கும். வீட்டார் அவருக்கு எழுதியவை பயணப் பெட்டியில், விடுதி அறையில், மருந்துப் புட்டிகளுக்குப் பக்கத்தில் இருக்கும். அதோடு பெரிய மனிதர் எழுதியதைத்தான் உலகம் அச்சிட விரும்பும். அம்மா எழுதியதை யார் அச்சிடுவார்கள்? எனவே பழைய கடிதத் தொகுப்பு ஒன்றைப் புரட்டும்போது பெரும்பாலும் தொலைபேசியில் ஒரு பக்கப் பேச்சை மட்டும் கேட்பதுபோல் ஆகிவிடுகிறது. ஹார்னரின் வாழ்க்கைக் குறிப்புகளையும் கடிதங்களையும் இரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்தவர் அதே தம்பி லியோனார்ட்தான், 1843-இல். இடையில் அவர் நிலவியல் அறிஞராகவும், தொழிற்சாலைகளில் குழந்தைத் தொழிலாளர் சட்டம் மீறப்படுகிறதா என்று பார்க்கும் ஆய்வாளராகவும் பெயர் பெற்றிருந்தார். அண்ணனின் கடைசி நாள்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவரே எதை அச்சிடலாம், எதை விடலாம் என்று முடிவு செய்தார் என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அன்பினால் செய்யும் தணிக்கையைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

இனி நாள் கணக்கு. லண்டனிலிருந்து எடின்பரோவுக்குக் குதிரை பூட்டிய தபால் வண்டி இரவு பகலாக ஓடி ஏறக்குறைய இரண்டரை நாளில் போய்விடும். அந்தக் காலத்துக்கு அது பிரமிக்க வைக்கும் வேகம். பீசாவிலிருந்து லண்டனோ வேறு கதை. மலை வழி, பனிக்காலம், பிரான்ஸ் முழுவதும், பிறகு கால்வாயில் கப்பல். எவ்வளவு நாள் ஆகும் என்பதை ஹார்னரின் மரணமே நமக்குச் சொல்கிறது.

1817 பிப்ரவரி 8-ஆம் தேதி அவர் பீசாவில் இறந்தார். வயது 38. உடலை ஆராய்ந்த இத்தாலிய மருத்துவர் வாக்கா, எல்லோரும் பயந்ததுபோல் அது காசநோய் இல்லை என்றார். நுரையீரலின் காற்றறைகள் விரிந்து, திசு இறுகிப்போயிருந்தது. வெப்ப நாட்டுக்கு அனுப்பிய வைத்தியம், அவருக்கு இல்லாத ஒரு நோய்க்குச் செய்யப்பட்டது. வீட்டுக்கு எழுத வேண்டிய கடிதத்தை லியோனார்ட் எழுதினார். மரணச் செய்தி தாங்கிய கடிதத்துக்குக் கறுப்பு அரக்கில் முத்திரை வைப்பது அக்கால வழக்கம். பிரிப்பதற்கு முன்பே செய்தி தெரிந்துவிடும். தந்தி என்ற சொல்லைக் கேட்டாலே நம் வீடுகளில் அழுகை தொடங்கிய காலம் ஒன்று இருந்ததே, அதுபோல.

மார்ச் 3-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் செயின்ட் மாஸ் தொகுதிக்குப் புதுத் தேர்தல் நடத்தக் கோரி மார்பெத் பிரபு எழுந்தார். வழக்கமாக இரண்டு நிமிடத்தில் முடியும் சடங்கு. அன்று ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரு தரப்பினரும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து ஹார்னரைப் பற்றிப் பேசினார்கள். அமைச்சர் பதவி எதையும் வகிக்காத, பட்டம் இல்லாத, வணிகர் மகன் ஒருவருக்கு அது அரிய மரியாதை. பின்னர் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் சிற்பி சான்ட்ரி செதுக்கிய சிலையும் வைக்கப்பட்டது.

பிப்ரவரி 8, மார்ச் 3. இடையில் 23 நாள். ஆக, செய்தி வழியில் இருந்தது அதற்குள்தான். பீசா–லண்டன் ஒரு வழிக்கு இரண்டரை முதல் மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். பீசாவில் இருந்து "இன்று கொஞ்சம் பரவாயில்லை" என்று ஒருவர் எழுதினால், அதற்கு எடின்பரோவின் மகிழ்ச்சி பீசாவுக்கு வந்து சேர ஒன்றரை மாதம். அவர் பீசாவில் வாழ்ந்ததே இரண்டு, இரண்டரை மாதம். கேள்வி, பதில் என்ற முழுச் சுற்று ஒரு முறை நடந்திருக்கும். இரண்டாவது சுற்று முடிவதற்குள் காலம் தீர்ந்துவிட்டது. ஒரே ஒரு சுற்றை வைத்துக்கொண்டு அப்பா, அம்மா, சகோதரிகள் எல்லோரும் நோயோடு பேச வேண்டியிருந்தது. அவர்களுடைய கவலை எப்போதும் மூன்று வாரம் பழைய இருமலைப் பற்றியது. அவர்களுடைய ஆறுதல் எப்போதும் மூன்று வாரம் தாமதம்.

ஜனவரி 28-இல் இளவரசரின் வண்டிக் கண்ணாடி உடைந்த செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். யாரேனும் அன்றிரவே பீசாவுக்கு அதை எழுதிப் போட்டிருந்தாலும், பிப்ரவரி நடுவில்தான் அது போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆங்கிலேயப் புராட்டஸ்டன்டுகளுக்கு இடுகாடு இருந்த லிவோர்னோ துறைமுகத்துக்கு உடலைக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். பீசாவிலிருந்து கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். அந்த அடக்கம் நடந்தபோது கறுப்பு முத்திரை இட்ட கடிதம் இன்னும் எடின்பரோவை எட்டியிருக்க முடியாது. அன்று அங்கிருந்து பீசாவை நோக்கி ஒரு கடிதம் வழியில் இருந்திருந்தால், அது அவருடைய உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துத்தான் தொடங்கியிருக்கும்.